மலையேறாத மேலாண்மை ஆய்வுகள்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் சாமை விளைந்த நிலங்களை மரவள்ளி பிடித்துக்கொண்டது எப்படி என்று கேட்டால் வேளாண் அறிஞர் ஒரு பதில் சொல்வார், மானிடவியலார் இன்னொன்று சொல்வார். இரண்டும் சரிதான். ஆனாலும் அந்தக் கேள்வியின் பெரும்பகுதி மேலாண்மைத் துறைக்குச் சேர வேண்டியது. சாமையை அறுத்துக் களத்தில் அடித்துவிட்டால் மட்டும் அது சோறாகிவிடாது. தானியம் பொடிசு, உமி கெட்டி. உரலில் போட்டுக் குத்தி, புடைத்து, மறுபடி குத்தி அரிசியாக்கும் பாடு முழுவதும் பெண்களுடையது. மரவள்ளிக்கு அந்தப் பாடு கிடையாது. பிடுங்கி வண்டியில் ஏற்றினால் அடிவாரத்து ஆலைக்குப் போய்விடும். கையில் காசு வரும். ஒரு பயிரைத் தேடிச் சந்தை வீட்டு வாசலுக்கு வருகிறது, இன்னொன்று அதே வீட்டின் அடுப்பங்கரைக்குப் போய்ச் சேரவே திணறுகிறது. பதப்படுத்தல், போக்குவரத்து, விலை நிர்ணயம், தகவல், கூட்டாகச் செயல்படுதல் என்று எம்பிஏ பாடத்திட்டத்தில் வரும் தலைப்புகள் பலவும் இந்த ஒரு மாற்றத்துக்குள் இருக்கின்றன.

இதை ஆராய்ந்து வெளியுலகின் கவனத்தைப் பெற்ற கட்டுரை ஒன்று 2009இல் ‘ஃபுட் பாலிசி’ என்ற ஆய்விதழில் வந்தது. கியோம் க்ருவேர், லதா நாகராஜன், ஆலிவர் கிங் ஆகிய மூவரும் எழுதியது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இந்த மலையில் செய்துவந்த பணிதான் அதன் அடித்தளம்: விதை சேகரிப்பு, மகளிர் குழுக்கள், ஊருக்குள்ளேயே உமி நீக்கும் சிறு இயந்திரங்கள், மாவும் அவலும் பொட்டலமிட்டு விற்பது, பிறகு இவற்றையெல்லாம் இணைக்கும் ஒரு விவசாயிகள் கூட்டமைப்பு. குழுவாகச் சேர்வது அவசியம், ஆனால் அது மட்டும் போதாது என்பது கட்டுரையின் சாரம். மேலாண்மை மாணவருக்கு இதைவிடச் சுவையான முடிச்சு கிடைப்பது அரிது. ஆனால் அதை எடுத்து எழுதிய மூவரும் பொருளியல், பல்லுயிர்ப் பாதுகாப்பு வழியாக வந்தவர்கள்; வணிகப் பள்ளிக்காரர்கள் இல்லை.

இத்தனைக்கும் இந்த மலையைச் சுற்றி மேலாண்மைத் துறைகளுக்குப் பஞ்சமில்லை. நாமக்கல் மாவட்டம் 1997இல் தொடங்கப்பட்ட சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் வருகிறது. அங்கே மேலாண்மைக்கென்றே தனி நிறுவனம் உண்டு. திருச்சியில் பாரதிதாசன் மேலாண்மை நிறுவனம் 1984 முதல் இயங்குகிறது. 2011இல் ஐஐஎம்மும் அங்கே வந்துவிட்டது. நாமக்கல், திருச்செங்கோடு, ராசிபுரம் பக்கத்துப் பொறியியல் கல்லூரிகளில் எம்பிஏ துறை இல்லாதவை குறைவு. அப்படியானால் முனைவர் பட்ட ஆய்வுகள் எங்கே சுற்றிக்கொண்டிருக்கின்றன?

காந்திநகரிலுள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் சோத்கங்கா என்ற ஆய்வேட்டுக் களஞ்சியத்தைத் திறந்தால் பதில் கிடைக்கும். தமிழகப் பல்கலைக்கழகங்கள் அதில் ஏராளமாக ஆய்வேடுகளை ஏற்றியிருக்கின்றன. மேலாண்மைப் பகுதியைப் புரட்டினால் ஊழியர்களின் பணி திருப்தி, வங்கி வாடிக்கையாளரின் மனநிறைவு, பெண்களின் வேலை–குடும்பச் சமநிலை, இணைய வணிகத்தில் நுகர்வோர் மனப்பான்மை என்று தலைப்புகள் சுற்றிச் சுற்றி வரும். மாவட்டத்தின் பெயர் மட்டும் மாறும். உள்ளே போனால் அமைப்பும் மாறாது: ஐந்து அத்தியாயம், சில நூறு பேரிடம் வாங்கிய வினாத்தாள், எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளின் அட்டவணைகள், கடைசியில் நிர்வாகத்துக்குச் சில பரிந்துரைகள். அந்தப் பரிந்துரையை நிர்வாகம் படித்ததா என்று யாரும் கேட்பதில்லை. இவற்றுக்குள் நல்ல வேலைகளும் உண்டு. தேடித்தான் எடுக்க வேண்டும்.

இந்த நிலைக்கு ஆய்வாளர்களின் சோம்பலைக் காரணமாகச் சொல்வது எளிது, ஆனால் நியாயமில்லை. பட்டத்தின் வரலாற்றையும் விதிகளையும் பார்த்தால் இப்படித்தான் நடந்திருக்க முடியும் என்று தோன்றும்.

வணிகக் கல்வியில் முனைவர் பட்டம் என்பதே புதிது. ஹார்வர்டு வணிகப் பள்ளி தன் முதல் வணிக முனைவர் பட்டத்தை வழங்கியது 1922இல். அதன் பிறகும் நெடுநாள் இந்தப் பள்ளிகளை மற்றத் துறையினர் தொழிற்பயிற்சிக் கூடமாகவே பார்த்தார்கள். 1959இல் ஃபோர்டு அறக்கட்டளைக்காக கார்டனும் ஹவெலும் எழுதிய அறிக்கை, அமெரிக்க வணிகக் கல்வியின் தரம் குறைவு என்று முகத்துக்கு நேரே சொன்னது. ஆய்வுப் பயிற்சி பெற்ற பேராசிரியர்கள் வேண்டும், சமூக அறிவியலும் கணிதமும் உள்ளே வர வேண்டும் என்றது. அந்த அறிக்கைக்குப் பின்தான் புள்ளியியல் மாதிரிகள் மேலாண்மை ஆய்வின் அடையாளமாயின.

இந்தியாவில் கல்கத்தா, அகமதாபாத் ஐஐஎம்கள் 1961இல் பிறந்தன. தொடக்கத்தில் அவற்றால் பட்டம் வழங்க முடியவில்லை. சங்கமாகப் பதிவான நிறுவனங்கள் என்பதால் ‘ஃபெலோ’ என்ற தகுதியைத்தான் கொடுத்தன. அது முனைவர் பட்டத்துக்கு இணைதானா என்ற சந்தேகம் ஊர்ப்பக்கக் கல்லூரி நேர்காணல்களில் பல காலம் எழுந்துகொண்டிருந்தது. 2017ஆம் ஆண்டின் ஐஐஎம் சட்டம் 2018 ஜனவரி இறுதியில் நடைமுறைக்கு வந்த பிறகுதான் அவை நேரடியாகப் பிஎச்.டி. பட்டம் கொடுக்கின்றன. அங்கே முதல் இரண்டு ஆண்டுகள் பாடம், பின் ஒரு கடுமையான தகுதித் தேர்வு, அதன் பிறகே ஆய்வு. முழு நேர ஆய்வாளர்களுக்குக் கட்டணம் இல்லை, மாத உதவித்தொகை உண்டு. பல்கலைக்கழகங்களின் வழி வேறு. அங்கே வணிகவியல் துறையின் நிழலில் மேலாண்மை வளர்ந்தது. 1990களுக்குப் பின் தனியார் கல்லூரிகளில் எம்பிஏ பெருகியதும் ஆசிரியர்கள் தேவைப்பட்டார்கள். ஆசிரியர்களுக்குப் பதவி உயர்வு தேவைப்பட்டது. பதவி உயர்வுக்குப் பட்டம் தேவைப்பட்டது. இணைப் பேராசிரியராக முனைவர் பட்டம் கட்டாயம் என்பது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் விதி. அதோடு, 2009ஆம் ஆண்டு விதிமுறைப்படி பட்டம் பெற்றவர்களுக்கு விரிவுரையாளர் தகுதிக்கான நெட் தேர்விலிருந்து விலக்கு என்று பல்கலைக்கழக மானியக் குழு சொன்னது. கூட்டம் குவிந்ததில் வியப்பில்லை.

பின்னர் அதே குழு 2018இல், பல்கலைக்கழகத் துறைகளில் உதவிப் பேராசிரியர் ஆவதற்கே 2021 ஜூலையிலிருந்து முனைவர் பட்டம் வேண்டும் என்றது. பிறகு அதை 2023க்குத் தள்ளியது. 2023 ஜூலையில், நெட் அல்லது அதன் மாநில வடிவமான செட் போதும், பட்டம் விருப்பம்தான் என்று திருப்பிவிட்டது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் அவசரமாகப் பதிவு செய்தவர்களின் தலைப்புகள் எந்த அவசரத்தில் தீர்மானமாகியிருக்கும் என்று ஊகிக்கலாம். நாடு முழுவதும் பிஎச்.டி. சேர்க்கை 2014–15இல் 1.17 லட்சமாக இருந்து 2021–22இல் 2.12 லட்சமானதாக உயர்கல்விக் கணக்கெடுப்பு சொல்கிறது. இதில் எல்லாத் துறைகளும் அடக்கம் என்றாலும் வேகம் புரிகிறது.

இப்போது நடப்பிலிருப்பது மானியக் குழு 2022 நவம்பரில் அறிவித்த முனைவர் பட்ட விதிமுறை. குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு. மறுபதிவில் மேலும் இரண்டு. பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் இரண்டு ஆண்டு சலுகை. மகப்பேறு, குழந்தை வளர்ப்புக்கு 240 நாள்வரை விடுப்பு. பாடப்பகுதிக்குக் குறைந்தது 12 கிரெடிட், அதில் ஆய்வு நெறிமுறை கட்டாயம். ஒரு பேராசிரியர் எட்டுப் பேருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கும் மேல் வழிகாட்டக் கூடாது. எம்ஃபில் போய்விட்டது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஆய்விதழில் கட்டுரை வெளியிட வேண்டும் என்ற தேசிய அளவிலான கட்டாயமும் போய்விட்டது. ஆனால் தனித்தனிப் பல்கலைக்கழகங்கள் தம் விதியில் அதை வைத்துக்கொள்ளலாம் என்பதால், பதிவுக்கு முன் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. நிறுவனத்திடம் தடையின்மைச் சான்று வாங்கிவந்தால் பகுதி நேரமாகச் செய்யலாம். 2024 முதல் நெட் மதிப்பெண்ணையே சேர்க்கைக்கும் எடுத்துக்கொள்ளலாம்: 70 பங்கு மதிப்பெண், 30 பங்கு நேர்காணல்.

விதிகளில் பெரிய குறை சொல்ல எனக்கில்லை. மூன்று ஆண்டு என்பது கொல்லிமலையில் மூன்று சாமைப் பருவம். மனம் வைத்தால் போதுமான காலம். சிக்கல், ஆய்வு எப்படி நடக்க வேண்டும் என்று துறை தனக்குள் வளர்த்துக்கொண்ட பழக்கத்தில் இருக்கிறது.

நம் வினாத்தாள்களில் ‘மிகவும் உடன்படுகிறேன்’ என்று தொடங்கும் ஐந்து படி அளவுகோலை எடுத்துக்கொள்வோம். அதைக் கண்டுபிடித்த ரென்சிஸ் லிக்கர்ட், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் செய்த முனைவர் பட்ட ஆய்வின் விளைவாக 1932இல் வெளியிட்டது அது. தன் ஆய்வுக்காக ஒரு கருவியைச் செய்தவரின் உழைப்பு, அதன் பிறகு வந்த ஆயிரக்கணக்கான ஆய்வாளர்களுக்குக் கருவி செய்யும் உழைப்பையே இல்லாமல் செய்துவிட்டது. அந்த அளவுகோலைக் கொல்லிமலையின் வளவந்தி நாட்டிலோ சேளூர் நாட்டிலோ ஒரு மலையாளிப் பழங்குடிப் பெண்ணிடம் நீட்டி, ‘மதிப்புக் கூட்டல் என் வருமானத்தை உயர்த்துகிறது’ என்ற வரிக்கு உடன்படுகிறாயா அம்மா என்று கேட்டால் என்ன கிடைக்கும்? வந்திருப்பவர் மனம் கோணாத ஒரு “ஆமாங்க” கிடைக்கும். அட்டவணையில் அது ஐந்தாகவோ நாலாகவோ உட்கார்ந்துகொள்ளும். உமி நீக்கும் இயந்திரம் பழுதானால் யார் சரி செய்வது, மின்சாரக் கட்டணத்தை எப்படிப் பிரிக்கிறார்கள், எந்த ஊர்ப் பெண்கள் அந்த இயந்திரத்தைத் தொடுவதே இல்லை என்பவை அந்த எண்ணுக்குள் வராது.

மாற்று வழி துறைக்குத் தெரியாததல்ல. ஹென்றி மின்ட்ஸ்பர்க் 1968இல் எம்ஐடியில் முடித்த ஆய்வுக்கு வினாத்தாள் எதுவும் கொடுக்கவில்லை. ஐந்து தலைமை அதிகாரிகளுடன் ஆளுக்கு ஒரு வாரம் உட்கார்ந்து, அவர்கள் செய்ததையெல்லாம் குறித்தார். திட்டமிடுவது, ஒருங்கிணைப்பது என்று பாடநூல்கள் வரைந்த படம் எதுவும் அங்கே இல்லை. அவர்களுடைய வேலைகளில் பாதி ஒன்பது நிமிடம்கூட நீடிக்கவில்லை. ஐந்தே பேரைப் பார்த்த அந்த ஆய்வு 1973இல் நூலாகி, இன்றும் எல்லா எம்பிஏ வகுப்பிலும் நடத்தப்படுகிறது. நம் ஊர் டாக்டரல் கமிட்டி ஒன்றின் முன் அந்தச் சினாப்சிஸை வைத்திருந்தால் முதல் கேள்வி, ‘சாம்பிள் சைஸ் ஐந்துதானா?’ என்பதாகத்தான் இருந்திருக்கும்.

எலினர் ஆஸ்ட்ரம் கதையும் இங்கே பொருந்தும். அவர் அரசியல் அறிவியல்காரர். 1965இல் கலிபோர்னியாவின் நிலத்தடி நீரைப் பயன்படுத்துவோர் தங்களுக்குள் எப்படி விதி வகுத்துக்கொண்டார்கள் என்று முனைவர் பட்டத்துக்கு எழுதினார். அந்த ஒரு நீர்ப்படுகையில் பிடித்த இழை, 1990இல் பொது வளங்களைப் பற்றிய பெருநூலாகி, 2009இல் நோபல் பரிசில் போய் நின்றது. சிறு இடத்தில் ஆழமாகத் தோண்டியதால் கிடைத்தது அது. பதினான்கு ஊராட்சிகளும் சுமார் 280 சதுர கிலோமீட்டரும் கொண்ட கொல்லிமலை அப்படித் தோண்டுவதற்கு அளவான இடம்.

நம்மவர் ஒருவரையும் சொல்ல வேண்டும். கோவையில் 1941இல் பிறந்த சி.கே. பிரகலாத், சென்னையில் யூனியன் கார்பைடின் பேட்டரி ஆலையில் வேலை பார்த்துவிட்டு, அகமதாபாத் ஐஐஎம்மில் படித்து, 1975இல் ஹார்வர்டில் முனைவரானவர். ஏழைகளை வாடிக்கையாளராகப் பார்த்தால் நிறுவனத்துக்கும் லாபம், ஏழைக்கும் நன்மை என்று 2004இல் அவர் எழுதிய நூல் உலகம் சுற்றியது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை அதில் ஒரு முக்கியச் சான்று. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அவருடன் பணிபுரிந்த அனீல் கர்னானியே 2007இல் இதை மறுத்தார்: ஏழையிடம் விற்பதைவிட ஏழையிடம் வாங்குவதுதான் வறுமையைக் குறைக்கும், அவரை உற்பத்தியாளராகப் பாருங்கள் என்றார். ஒரே பள்ளியின் இரண்டு பேராசிரியர்கள் நடத்திய இந்த வாதத்துக்கு மலையில் விடை தேடலாம். செம்மேட்டுக் கடைகளில் தொங்கும் ஷாம்பு பாக்கெட்டுகள் ஒருவர் பக்கம் சாட்சி சொல்லும். சோளக்காட்டுச் சந்தைக்கு இறங்கும் பலாவும் அன்னாசியும் வாழையும் மற்றவர் பக்கம். என் ஓட்டு கர்னானிக்கு. ஆனால் மூன்று ஆண்டு தரவு சேர்த்தவர் ஒருவர் வந்து இது தவறென்று சொன்னால் கேட்டுக்கொள்வேன். ஆய்வு என்பது அதற்குத்தானே.

சரி, என்னதான் ஆராயலாம்? மரவள்ளியிலிருந்தே தொடங்கலாம். அதன் மாவிலிருந்து செய்யும் ஜவ்வரிசித் தொழில் சேலம் பகுதியில் 1940களில் வேர் பிடித்தது. 1981இல் சேகோசர்வ் கூட்டுறவு வந்தது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இவ்வளவு வளர்ந்த தொழிலில் கிழங்குக்கு விலை இன்றும் ‘புள்ளி’யில்தான் பேசப்படுகிறது. கிழங்கிலுள்ள மாவுச்சத்தின் அளவு அது; புள்ளிக்கு இத்தனை ரூபாய் என்று கணக்கு. அளவை எடுப்பது பெரும்பாலும் வாங்குபவர் இடத்தில். விற்பவர் மலையிலிருந்து வண்டி வாடகை கொடுத்து இறக்கியவர். புள்ளி குறைவென்றால் கிழங்கைத் திரும்ப ஏற்றிக்கொண்டு எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போவாரா? ஒருவர் கையில் தகவலும் தராசும் இருக்க, மற்றவர் கையில் அழுகும் சரக்கு இருக்கும்போது விலை எப்படி உருவாகிறது என்பது தகவல் ஏற்றத்தாழ்வு பற்றிய ஆய்வுகளின் மையம். இதற்கு அமெரிக்கப் பழைய கார் சந்தையை மேற்கோள் காட்டிக் காலம் போக்குகிறோம்.

மிளகும் காபியும் இன்னொரு களம். சில்வர் ஓக் மரத்தில் கொடியேற்றிய மிளகு யாருக்குப் போகிறது, முன்பணம் வாங்கியவருக்குப் பேரம் பேசும் வலு எவ்வளவு மிச்சமிருக்கிறது, பழங்குடியினருக்கான கூட்டுறவுச் சங்கம் இந்தச் சங்கிலியில் எங்கே நிற்கிறது என்று கேட்கலாம். உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் மூன்றாவது. 2002இல் கம்பெனிச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட வடிவம் அது. 2020இல் பத்தாயிரம் நிறுவனங்கள் என்ற இலக்குடன் மத்திய அரசு தனித் திட்டமே கொண்டுவந்தது. கம்பெனி என்றால் இயக்குநர் குழு, ஆண்டுக் கணக்கு, தணிக்கை எல்லாம் உண்டு. கையெழுத்துப் போடத் தயங்கும் உறுப்பினர்கள் இயக்குநர் குழுவில் உட்காரும்போது உண்மையில் முடிவெடுப்பது யார்? நிறுவன ஆளுகை என்று நகரத்தில் நடத்தும் பாடத்துக்கு இது கடினமான சோதனை. 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியதில் நகரத்துக் கடைகளில் சாமை விலை ஏறியிருந்தால் அதன் பலன் சாமை விதைத்தவரை எட்டியதா என்பது நான்காவது கேள்வி. இதற்கு வினாத்தாளும் வேண்டும், ரசீதுகளும் வேண்டும். நான் எண்களுக்கு எதிரியில்லை. விலைச் சீட்டிலிருந்து எடுத்த எண் ஒன்று, மனப்பான்மையைக் கேட்டு வாங்கிய எண் ஐந்நூறுக்குச் சமம் என்பதே என் கட்சி.

இப்படி ஆராய முடியுமா, நடைமுறை இடம் கொடுக்குமா என்ற கேள்வி நியாயமானது. மூன்று தடைகள் உண்மையானவை. ஒன்று காசு. ஜேஆர்எஃப் எனும் இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தவருக்கு 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய், பின் 42,000; அவருக்குக் கவலையில்லை. பழங்குடி மாணவர்களுக்கு ஆண்டுக்கு 750 தேசிய உதவித்தொகைகள் உண்டு. மலையிலிருந்தே ஒருவர் மேலாண்மை ஆய்வுக்கு வந்தால் அது அவருக்குரியது. இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழுவும் முனைவர் பட்ட மாணவர்களுக்கு உதவித்தொகை தருகிறது. மற்றவர்கள், அதாவது பெரும்பாலோர், தனியார் கல்லூரியில் வகுப்பெடுத்துக்கொண்டே பகுதி நேரமாகச் செய்பவர்கள். சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளி போய் மேலே ஏறி ஒரு வாரம் தங்க அவர்களுக்கு விடுப்பு கிடைக்காது. அதனால்தான் கையெட்டும் தூரத்திலிருக்கும் வங்கி வாடிக்கையாளரும் சக ஊழியரும் மாதிரிகளாகிறார்கள். இவர்களைக் குறை சொல்வது அநியாயம். தடையின்மைச் சான்றில் களப்பணிக்கு இத்தனை நாள் விடுப்பு என்று ஒரு வரி சேர்க்கப் பல்கலைக்கழகம் வற்புறுத்தினால் பாதிச் சிக்கல் தீரும்.

இரண்டாவது தடை கைடு. தாம் செய்த முறையிலேயே மாணவரும் செய்தால்தான் அவருக்குப் பாதுகாப்பு. வைவாவில் வெளித் தேர்வாளர் கேட்கும் கேள்விக்குத் தானும் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்ற அச்சம் அவருக்கு உண்டு. அதனால் பெயரையும் பதவியையும் பார்த்துக் கைடைத் தேடுவதைவிட, அவர் வழிகாட்டி முடித்த ஆய்வேடுகளைச் சோத்கங்காவில் இரண்டு மூன்று படித்துவிட்டுத் தேடுவது மேல். மூன்றாவது, பல்கலைக்கழகம் கேட்கும் இடங்களில் கட்டுரை வெளியீடு. காசு வாங்கிக்கொண்டு எதையும் போடும் இதழ்களைத் தடுக்க 2018இல் வந்த யூஜிசி–கேர் பட்டியலை 2025இல் பல்கலைக்கழக மானியக் குழுவே கைவிட்டு, பொறுப்பை நிறுவனங்களிடம் விட்டது. திருட்டு எழுத்துக்கு 2018ஆம் ஆண்டு விதி இருக்கிறது: ஒற்றுமை பத்து விழுக்காடுவரை தண்டனையில்லை, அறுபதுக்கு மேல் போனால் பதிவே ரத்து. மென்பொருளில் ஒன்பது விழுக்காடு காட்டும் ஆய்வேட்டில் சொந்தமாக ஒரு கருத்தும் இல்லாமல் இருக்கலாம். அதைப் பிடிக்க மென்பொருள் கிடையாது.

இன்னொன்றையும் விட்டுவிட முடியாது. ஆய்வேடு ஆங்கிலத்தில், தடித்த அட்டையில், நூலக அலமாரியில் போய் நிற்கிறது. தகவல் கொடுத்த மலைவாசிக்கு அதில் ஒரு பக்கமும் திரும்பி வருவதில்லை. அனில் குப்தா அகமதாபாத் ஐஐஎம்மில் இருந்துகொண்டு தேனீ வலைப்பின்னலைத் தொடங்கியபோது இதைத்தான் கண்டித்தார்: மக்களிடமிருந்து எடுத்த அறிவை அவர்கள் பெயரோடும் அவர்கள் மொழியிலும் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றார். அதன் தமிழ் வடிவமாக மதுரையிலிருந்து ‘நம் வழி வேளாண்மை’ வந்தது. மேலாண்மைப் பேராசிரியர் ஒருவர் தொடங்கிய மரபு இது என்பதை நம் மேலாண்மைத் துறைகளே மறந்திருக்கின்றன. ஆய்வேட்டுடன் இருபது பக்கத் தமிழ்ச் சுருக்கம் ஒன்றைக் கட்டாயமாக்கி, அதன் படியை ஆய்வு நடந்த ஊராட்சிக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு பல்கலைக்கழகம் தீர்மானம் போட யாருடைய அனுமதியும் தேவையில்லை. கல்விக் குழு கூடினால் போதும்.

அடுத்த பருவத்தில் மேலாண்மைக்குப் பதிவு செய்யப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கைடிடம் தலைப்பைக் கொண்டுபோகும் முன் அதைச் சோத்கங்காவில் தட்டிப் பாருங்கள். ஊர்ப் பெயர் மட்டும் மாறி ஏற்கெனவே பத்து வந்திருந்தால் அதை விட்டுவிட்டு, மரவள்ளி வண்டி இறங்கும் நாளில் அடிவாரத்து ஆலை வாசலில் போய் நின்று, புள்ளியை யார் எப்படி அளக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்து தலைப்பை எழுதுங்கள்.